பத்து பதினேழுக்கு வாயடைத்த சர்வர்

“சர்வர் பதில் சொல்லலைன்னு போன்ல சொன்னீங்க. நான் சாப்பிடற ஓட்டல்ல அது தினசரி நடக்கறதுதான் மேடம். அதுக்குப் போய் யாரும் துப்பறியறவங்களைக் கூப்பிட மாட்டாங்க. மேஜையை ரெண்டு தட்டு தட்டினா வந்துடுவார்.”

ரேடியோ தன் பங்குக்கு அறையின் இறுக்கத்தைத் தளர்த்திப் பார்த்தான். பலிக்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முதலாளியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்தவளிடம் கேட்டாள்.

“இவர் எப்பவும் இப்படித்தானா?”

“தூங்கறப்போ கொஞ்சம் பரவாயில்லை,” என்றாள் அண்ணி.

உண்மையில் அவள் ரேடியோவுக்கு மட்டும்தான் அண்ணி. அவன் அண்ணனின் மனைவி. ஆனால் எட்டு வருஷமாக உதவியாளன் என்ற பெயரில் அவள் பின்னாலேயே போய், போகிற இடமெல்லாம் “அண்ணி, அண்ணி” என்று அவன் போட்ட சத்தத்தில் அந்தப் பெயரே தொழிலிலும் நிலைத்துவிட்டது. கம்பெனியில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால், அது வெறும் கோளாறா, யாருடைய கைவரிசையா என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் தொழில். ரேடியோ என்ற பெயரை அவனுக்கு வைத்தது பெற்ற தாய். அணைக்கும் பொத்தான் இல்லாத பிள்ளை என்பது அவள் குறை.

அது மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் தொழிற்சாலை. கீழ்த்தளத்தில் பதினான்கு இயந்திரங்கள். காலையிலிருந்து அவற்றில் ஐந்து ஓடவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு முந்நூற்று நாற்பது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி போய்ச் சேர்ந்தாக வேண்டும். இன்னும் நூற்றுப் பத்து ஜோடி பாக்கி. மணி பகல் பன்னிரண்டே முக்கால்.

“பத்து பதினேழுக்கு நின்னுச்சு,” என்றாள் முதலாளியம்மா. “மேனேஜர்னு ஒரு சர்வர். மத்த சர்வர் எல்லாத்தையும் மேய்க்கறது அதுதான். அதைத் தெறந்தா சக்கரம் மாதிரி ஒண்ணு சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. உள்ள விட மாட்டேங்குது. யார் வேலைன்னு எனக்குத் தெரியும். எனக்கு ஆதாரம்தான் வேணும்.”

“யாரு?”

“என் கூடப் பிறந்தவன்.”

தம்பிதான் ஏழு வருஷமாக இங்கே சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். சனிக்கிழமை, கம்பெனி லீவில், கடவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டானாம். திங்கட்கிழமை, அதாவது நேற்று, வீங்கின கன்னத்தோடு வந்தவன், சர்வர் அறையை எட்டிப் பார்த்துவிட்டு நேராக அக்காவின் வாசலில் நின்று, வாய் திறக்க முடியாமல் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டிருக்கிறான். “என் ரூமுக்குள்ள யார் போனது” என்று கேட்கிறான் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்திருக்கிறது.

“என் கட்டடத்துல, என்னையே கேள்வி கேக்கறான்! நானும் சும்மா இருப்பேனா? நல்லா நாலு வார்த்தை குடுத்தேன். சாவியைத் தூக்கித் தரையில எறிஞ்சிட்டுப் போயிட்டான். ராத்திரி இதை அனுப்பறான், பாருங்க.”

அவள் போனை நீட்டினாள். மெசேஜைத் திறக்காமல், பட்டியலில் தெரிகிற முதல் வரியை மட்டும் விரல் படாமல் காட்டினாள். அண்ணியும் ரேடியோவும் தலையை ஒட்டவைத்துப் படித்தார்கள்.

‘அக்கா, நாளைக்கு கம்பெனி மொத்தமும் நின்னு போகலாம். அந்த ரூமு…’

“மிரட்டல்,” என்றாள் முதலாளியம்மா. “சொன்ன மாதிரியே செஞ்சுட்டான்.”

“மீதி என்ன எழுதியிருக்கார்?” என்று அண்ணி கேட்டாள்.

“தெரியாது. தெறந்தா நீல டிக் விழும். நான் படிச்சேன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். அந்த சந்தோஷத்தை அவனுக்கு ஏன் குடுக்கணும்?”

ரேடியோவுக்கு அந்த அம்மாளை அந்த நிமிஷத்திலிருந்து பிடித்துப்போயிற்று. அவனும் அவன் மாமியாரிடம் இதே கொள்கையைத்தான் கடைப்பிடித்து வந்தான்.

மேஜை மேல் டைப் அடித்த போலீஸ் புகார் ஒன்று இருந்தது. தம்பியின் பெயர் இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. அண்ணி ‘இது கைவரிசைதான்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், இரண்டு மணிக்குக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடப் போவதாக முதலாளியம்மா சொன்னாள்.

அப்போது மேஜை மேலிருந்த இன்டர்காம் அலறியது. வாட்ச்மேன்.

“அம்மா, அவர் இன்னும் கேட்டுலதான் நிக்கறார். வெயில் ஏறிடுச்சு. என்ன செய்யட்டும்?”

“நிக்கட்டும். உள்ள மட்டும் விட்டுடாதே.” ரிசீவரை வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தாள். “அவன்தான். ஒன்பதரை மணிக்கே வந்து நிக்கறான். பண்றதைப் பண்ணிட்டு வேடிக்கை பாக்க வந்திருக்கான்.”

“ஒரு நிமிஷம் கூப்பிட்டு நான் பேசட்டுமா?”

“இந்த வாசப்படியை அவன் மிதிக்கக் கூடாது. நீங்க மெஷினைக் கேளுங்க, போதும்.”

அண்ணியின் பார்வை சுவரில் மாட்டியிருந்த பெரிய புது டி.வி.யில் இருந்தது. தொழிற்சாலையில் எது எது ஓடுகிறது என்று அது காட்டிக்கொண்டிருந்தது. பதினான்கு இயந்திரமும் பச்சை.

சர்வர் அறை அடுத்த அறைதான். கதவில் பளபளவென்று புதுப் பூட்டு. “காலைலதான் மாத்தினேன். பழைய சாவிக்கு அவன் காப்பி வச்சிருந்தாலும் இனிமே உதவாது,” என்று முதலாளியம்மா, புகார்த் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பெருமையோடு திறந்துவிட்டாள்.

உள்ளே அறை ஒரு சமையலறை அளவு. நடுவில் ஆள் உயர இரும்பு அடுக்கு. அதில் மூன்று தட்டையான இயந்திரங்கள், அவற்றுக்குக் கீழே கனமான ஒரு பெட்டி. இயந்திரம் ஒவ்வொன்றின் நெற்றியிலும் உருண்டை உருண்டையான கையெழுத்தில் தம்பி பெயர் எழுதி ஒட்டியிருந்தான்: பெரியபிள்ளை, நடுப்பிள்ளை, சின்னப்பிள்ளை.

“அழகா வச்சிருக்கார்,” என்றாள் அண்ணி. லேப்டாப்பைத் திறந்து ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு, முதலாளியம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். “இந்த மூணும்தான் நிஜ மெஷின். இதுக்குள்ள இருபத்தாறு விர்ச்சுவல் சர்வர் குடித்தனம் இருக்கு. உங்க மேனேஜரும் அதுல ஒரு குடித்தனம்தான், தனி பங்களா எல்லாம் கிடையாது. அதுவும், நின்னுபோன அஞ்சு லென்ஸ் மெஷினை ஓட்டற குடித்தனங்களும் நடுப்பிள்ளை வீட்ல இருக்கு. எல்லாரோட சாமானும் கீழ இருக்கற இந்த ஸ்டோரேஜ் பெட்டியில. எந்தக் குடித்தனத்தையாவது இந்த வீட்லேருந்து அந்த வீட்டுக்கு மாத்தணும்னா மேனேஜர்தான் மாத்தணும்.”

“அவரே வாயடைச்சு உக்காந்துட்டார்,” என்றான் ரேடியோ.

அண்ணி மேனேஜரை நெட்வொர்க்கில் கூப்பிட்டுப் பார்த்தாள். நான்கு முறை கூப்பிட்டாள். நான்கு முறையும் ‘இருக்கிறேன்’ என்று பதில் வந்தது. உள்ளே நுழையும் பக்கத்தைத் திறந்தாள். சக்கரம் சுற்றியது.

“வாசல்ல நின்னு கூப்பிட்டா உள்ளேருந்து குரல் வருது. கதவு மட்டும் தெறக்கலை. அண்ணி, இது என் மாமியார் வீடேதான்.”

“இதுக்குத்தான் காலைலேருந்து சொல்றேன், மொத்தமா அணைச்சுப் போட்டா சரியாயிடும்,” என்று முதலாளியம்மா நடுப்பிள்ளையின் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள். அண்ணி சட்டென்று குறுக்கே கை வைத்தாள்.

“அம்மா, சாட்சியை விசாரிக்கறதுக்கு முன்னாடியே தலையில தட்டக் கூடாது. எழுந்தா எல்லாத்தையும் மறந்துடும்.”

மேனேஜர் தன் வேலையை எல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கும். தம்பி முன்ஜாக்கிரதைக்காரன், அந்தப் பதிவின் நகல் பெரியபிள்ளை வீட்டிலும் சேர்கிற மாதிரி செய்து வைத்திருந்தான். அண்ணி அதைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனாள். பத்து பதினேழு வரை வரிசையாக எழுதியிருந்தது. அதற்கப்புறம் ‘எழுத முடியவில்லை’ என்று மூன்று வரி. பிறகு வெறுமை.

“பாத்தீங்களா? அழிச்சுட்டான்!” என்றாள் முதலாளியம்மா.

“அழிக்கறவன் எதை அழிப்பான்? தான் செஞ்சதை. அது பழைய பக்கத்துல இருக்கும். இங்க பழைய பக்கம் எல்லாம் ஒரு எழுத்து கலையாம இருக்கு. பத்து பதினேழுக்கு அப்புறம்தான் ஒண்ணும் இல்லை. யாரும் நோட்டைக் கிழிக்கலை அம்மா. எழுதிக்கிட்டிருக்கறப்பவே கையிலேருந்து நோட்டைப் பிடுங்கிட்டாங்க.”

“புரியலை.”

“மேனேஜருக்கு ஒரு கேடும் இல்லை. அதோட சாமான் இருக்கற பெட்டி அதுக்கு எட்டலை. சரி, மேனேஜர் பேசலைன்னா வீட்டுக்காரனையே கேப்போம்.”

மேனேஜரை விட்டுவிட்டு அவள் ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் நேரடியாக நுழைந்தாள். பெரியபிள்ளை உடனே கதவைத் திறந்தது, குறையேதும் இல்லை. சின்னப்பிள்ளையும் அப்படியே. நடுப்பிள்ளை மட்டும் உள்ளே விடவே நான்கு நிமிஷம் எடுத்துக்கொண்டது; ஒவ்வொரு கேள்விக்கும் மூச்சு வாங்கியது.

“நடுவுல பொறந்தாலே கஷ்டம்தான். யாரும் கவனிக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும்,” என்றான், மூன்று அண்ணன் தம்பிகளில் நடுவில் பிறந்த ரேடியோ.

கடைசியில் திரையில் இரண்டு வரி வந்தது. அண்ணி அதைப் படித்ததும் மூக்கின் மேல் இருந்த கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். எட்டு வருஷ அனுபவத்தில் ரேடியோவுக்கு அதன் அர்த்தம் தெரியும். அண்ணிக்குப் பொறி தட்டிவிட்டது.

“நடுப்பிள்ளைக்கும் ஸ்டோரேஜ் பெட்டிக்கும் நடுவுல ரெண்டு வழி இருந்திருக்கு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். முதல் வழி சனிக்கிழமை பதினொண்ணு நாற்பதுக்குப் போயிருக்கு. ரெண்டாவது இன்னிக்கு, பத்து பதினேழு.”

“சனிக்கிழமையே ஆரம்பிச்சுட்டானா!” முதலாளியம்மாவின் முகம் சிவந்தது.

“சண்டை என்னிக்கு வந்துச்சு?”

“திங்கட்கிழமை.”

“சண்டைக்கு ரெண்டு நாள் முன்னாடியே, பல் டாக்டர் நாற்காலியில வாயைத் தெறந்து உக்காந்துக்கிட்டே பழி வாங்கினாரா?” என்று கேட்டான் ரேடியோ.

அந்த அம்மாளுக்கு விட மனசில்லை. “இவங்களுக்கெல்லாம் வீட்லேருந்தே எதையும் செய்யத் தெரியும்,” என்று முணுமுணுத்தாள்.

“பாத்துடுவோம். கொழுந்தனாரே, பின்பக்கம் போங்க.”

அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடி இடைவெளி. ரேடியோவின் வயிறு ஒன்றே முக்கால். மூச்சை உள்ளுக்கிழுத்துப் பக்கவாட்டில் நுழைந்து, ஓரடி நகர்ந்து, மெல்லக் குந்தினான். அண்ணி கொடுத்த டார்ச்சை அடித்தான். தம்பி இங்கேயும் ஒழுங்குக்காரன்தான். மற்ற வேலைக்கெல்லாம் நீலக் கேபிள். ஸ்டோரேஜ் பெட்டிக்குப் போவது மட்டும் சிவப்பு. எல்லாவற்றின் முனையிலும் குட்டிக் காகிதச் சீட்டு.

“பெரியபிள்ளைக்கு ரெண்டு சிவப்பு அண்ணி. சின்னப்பிள்ளைக்கு ரெண்டு சிவப்பு. நடுப்பிள்ளைக்கு… ஒண்ணே ஒண்ணு. சீட்டுல ‘நடு, ஆ’ன்னு போட்டிருக்கு. ‘நடு, அ’ இருக்க வேண்டிய ஓட்டை காலியா இருக்கு. இருக்கற ஒண்ணும் பாதி வெளிய வந்து தொங்குது. பூட்டிக்கற கிளிப் ஒடஞ்சிருக்கு.”

“தரையில?”

டார்ச் வெளிச்சம் தரையில் மின்னியது. “இரும்புத் துருவல். சுருள் சுருளா. புதுசு.”

“போட்டோ எடுத்தாச்சா? சரி. அந்தக் கேபிளை உள்ள தள்ளிப் பிடிங்க.”

ரேடியோ தள்ளினான். குட்டியாக ஒரு பச்சை விளக்கு கண் விழித்தது. விரலை எடுத்தான், கேபிள் வழுக்கிக்கொண்டு வந்தது, விளக்கு செத்தது.

“நிக்க மாட்டேங்குது அண்ணி.”

“அப்போ நீங்க பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.”

“எவ்வளவு நேரம்?”

“நடுப்பிள்ளை தெளிஞ்சுடுச்சு. இப்போ மேனேஜரை மட்டும் அணைச்சு எழுப்பறேன். அது எழுந்து முகம் கழுவி வேலைக்கு வர்றதுக்கு ஒரு கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் விரலை ஆட்டாதீங்க. தும்மாதீங்க.”

தும்மாதே என்று சொன்னதும் ரேடியோவுக்கு மூக்கு அரித்தது. ஒரு கம்பெனியின் உயிரை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, அடுக்குக்குப் பின்னால் குந்தினபடி, முன்னால் நடப்பதைக் காதால் மட்டும் கேட்கும்படி ஆயிற்று அவன் கதி.

“அம்மா, பூட்டு மாத்தினவர் எங்க இருக்கார்?” அண்ணியின் குரல்.

“கீழ. எல்லாக் கதவுக்கும் மாத்தச் சொல்லியிருக்கேன்.”

பூட்டுக்காரர் வந்தார். செருப்புச் சத்தமும் சாவிக்கொத்துச் சத்தமும் முதலில் வந்தன. பேச்சில் கள்ளமில்லாத மனிதர்.

“பத்து மணிக்கு அம்மா வரச் சொன்னாங்க. பத்தேகால் வாக்குல ட்ரில் போட ஆரம்பிச்சேன். கதவுப் பக்கம் ப்ளக் பாயின்ட் இல்லை. அந்த அடுக்குக்குப் பின்னாடி ஒண்ணு இருந்துச்சு. எட்டிச் செருகினேன். ஒரு ஒயர் கொத்து குறுக்க நின்னுச்சு, லேசா ஒதுக்கி விட்டேன். சட்டைக் கையில ஒட்டியிருந்த துருவல் கொட்டியிருக்கும். பெருக்கச் சொல்லட்டுமாம்மா?”

முதலாளியம்மாவின் குரல் வெடித்தது.

“அப்போ நீதானாய்யா! என் பொழப்பையே ஒதுக்கி விட்டிருக்கே!”

“அவரை விடுங்க,” என்றாள் அண்ணி. “முதல் கேபிள் அங்கேயே இருந்திருந்தா, இவர் இதைப் புடுங்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிருந்தாக்கூட மேனேஜருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. சனிக்கிழமை அதை எடுத்தது யாருன்னுதான் கேள்வி. சனிக்கிழமை காலைல இந்த ரூமுக்குள்ள யார் வந்தாங்க?”

“யாரும் வரலையே. சனிக்கிழமை கம்பெனியே லீவு. நானும் ஒயர்மேனும் மட்டும்தான் இருந்தோம், அந்த…”

பின்னால் குந்தியிருந்த ரேடியோவின் டார்ச் அதே நேரம் தற்செயலாக சுவரின் அடிப்பகுதியில் விழுந்திருந்தது. அங்கே எலுமிச்சம்பழம் அளவு ஓர் ஓட்டை. அடுத்த அறைக்கு ஒயர் போக எப்போதோ போட்டது. நீலக் கேபிள்கள் செருகியிருந்த ஒரு சின்னப் பெட்டியிலிருந்து, அந்த நீலக் கூட்டத்தில் சம்பந்தமே இல்லாமல் ஒரு சிவப்புக் கேபிள் கிளம்பி அந்த ஓட்டைக்குள் நுழைந்தது. விரலை அசைக்காமல் கழுத்தை மட்டும் ஒட்டகம் போல நீட்டி, அதன் சீட்டைப் படித்தான்.

“அண்ணி! ‘நடு, அ’ கிடைச்சுடுச்சு! சுவருக்குள்ள போகுது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?”

“என் ரூம்,” என்றாள் முதலாளியம்மா, கேட்டும் கேட்காத குரலில்.

“அங்க சுவர்ல என்ன மாட்டியிருக்கு?”

“டி.வி. சனிக்கிழமைதான் மாட்டினோம். ஒயர்மேன் கொண்டு வந்த கேபிள் எட்டலை. கடைக்குப் போய் வர நேரமாகும்னான். இங்க வந்து பாத்தேன். இவன் எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டா செருகி வச்சிருந்தான். ஒண்ணு சும்மாத்தானே இருக்கும்னு… நான்தான் புடுங்கிக் குடுத்தேன். புடுங்கினப்பறமும் எல்லாம் ஓடிச்சே! அதனால மறந்தே போயிட்டேன்.”

“ஓடத்தான் செய்யும். அதுக்குத்தான் அவர் ரெண்டு போட்டார்.” அண்ணியின் குரலில் கேலி இல்லை. “அந்த டி.வி.யில என்ன தெரியுதுன்னு நல்லாப் பாத்தீங்களா? பதினாலும் பச்சை. மூலையில மணி பத்து பதினேழு. நான் உங்க ரூமுக்குள்ள வந்தப்போ பன்னெண்டே முக்கால். மேனேஜர் கடைசியா சொன்னதையே அது திருப்பித் திருப்பிக் காட்டிக்கிட்டிருக்கு.”

யாரோ ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்த சத்தம் கேட்டது. முதலாளியம்மாவாகத்தான் இருக்க வேண்டும். முதல் கேபிளைப் பிடுங்கியது அவள். இரண்டாவதை அசைத்தது, தம்பி உள்ளே வரக் கூடாதென்று அவளே வரவழைத்த பூட்டுக்காரர். புகார் கொடுத்தவளையும் குற்றவாளியையும் தேடி இரண்டு இடத்துக்கு அலைய வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ரேடியோவுக்கு இதை ஒட்டி நல்ல ஜோக் ஒன்று வாய் வரை வந்தது. அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு, வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக, ஒரு ஜோக்கை விழுங்கினான்.

“இப்பவாவது அந்த மெசேஜைத் தெறங்க,” என்றாள் அண்ணி.

“டிக் விழுமே.”

“விழட்டும்.”

முதலாளியம்மா வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள், தடுமாறித் தடுமாறி.

“‘அக்கா, நாளைக்கு கம்பெனி மொத்தமும் நின்னு போகலாம். அந்த ரூமுக்குள்ள யாரையும் விடாதீங்க. நடுப்பிள்ளைல ஒரு சிவப்புக் கேபிள் காணோம். இருக்கற ஒண்ணுக்கும் கிளிப் ஒடஞ்சிருக்கு, கை பட்டாலே கழண்டுடும். இதைத்தான் வாசல்ல நின்னு சொல்ல வந்தேன், வாய் வரலை. சாவியை எறிஞ்சது தப்பு. சரியான அளவுக் கேபிள் கடையில காலைலதான் கிடைக்கும். வாங்கிக்கிட்டு ஒன்பதரைக்கு வர்றேன். கேட்டைத் தெறந்து விடச் சொல்லுங்க. மாட்டிட்டுப் போயிடறேன். உங்களோட பேசக்கூட மாட்டேன்.’”

“வேடிக்கை பாக்க வந்தவன் நிழல்ல நிப்பான் அம்மா,” என்றாள் அண்ணி. “மூணு மணி நேரம் வெயில்ல நிக்க மாட்டான்.”

“நான் பதில் போடலைன்னா, ஒரு தடவை இன்னொரு மெசேஜ் போடக் கூடாதா?”

“நீங்க படிக்கவே இல்லைன்னு அவருக்குத்தான் தெரியுமே. டிக் விழலையே. படிக்காதவங்களுக்கு இன்னொண்ணு எதுக்குன்னு இருந்திருப்பார். பிடிவாதத்துல உங்க தம்பி இல்லையா?”

இந்த இடத்தில் ரேடியோவால் பொறுக்க முடியவில்லை. “மன்னிக்கணும். பாசத்தைக் குலைக்கறதுக்கு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா விரல் மரத்துப் போச்சு. கால் யாருடையதுன்னே தெரியலை. கேபிளுக்கு அண்டை குடுக்க ஏதாவது பேப்பர் கெட்டியா மடிச்சுக் குடுங்களேன்!”

முதலாளியம்மா சுற்றுமுற்றும் பார்த்திருப்பாள் போல. சர்வர் அறையில் தாள் ஏது? கையில் கொண்டு வந்திருந்த ஒரே தாள்தான் இருந்தது. அது மடிபடும் சத்தம் கேட்டது. இரண்டாக, நான்காக, எட்டாக. இடுக்கு வழியே ஒரு கை நீண்டது. அந்தக் கையில் இருந்தது கையெழுத்து விழாத போலீஸ் புகார். ரேடியோ அதைக் கேபிளுக்கு அடியில் செருகி அழுத்தினான். விளக்கு பச்சையாகவே நின்றது. அந்தப் புகாரால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

அவன் பிதுங்கி வெளியே வந்தபோது முதலாளியம்மா அங்கே இல்லை. ஜன்னல் வழியே பார்த்தான். இன்டர்காமைத் தொடாமல், படியிறங்கி, முற்றத்தைத் தாண்டி, அந்த அம்மாள் கேட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு வயதுக்கு அது நல்ல வேகம்.

ஐந்து நிமிஷத்தில் இருவரும் வந்தார்கள். தம்பிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வலது கன்னம் தனியாக ஒரு ஆளைப் போலப் புடைத்திருந்தது. கையில் ஒரு பை. அதில் சுருட்டின இரண்டு சிவப்புக் கேபிள். அக்கா விடாமல் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

“அறிவிருக்கா உனக்கு? வாட்ச்மேன் நாற்காலியில உக்காந்தா குறைஞ்சா போயிடுவே? தண்ணியாவது குடிச்சியா? வாயைத் தெறந்து பதில் சொல்லேன்டா! ஐயோ, தெறக்காதே, தெறக்காதே. தையல் போட்டிருக்கும்.”

அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் அடுக்குக்குப் பின்னால் நுழைந்தான். ஒல்லி, சிரமமே இல்லை. ரேடியோ முந்திக்கொண்டு கையை விட்டு, அண்டை கொடுத்திருந்த தாளை மட்டும் உருவி, அது என்னவென்று அவன் பார்ப்பதற்குள் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அண்ணி அதைக் கவனித்தாள்.

முதல் வழி உயிர் பெற்றது. இரண்டாவதும் புதுக் கேபிளில் ‘டிக்’கென்று பூட்டிக்கொண்டது. அண்ணியின் லேப்டாப்பில் மேனேஜரின் பக்கம் சக்கரத்தை நிறுத்திவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து, நின்றுபோன குடித்தனங்களை ஒவ்வொன்றாக எழுப்பினான். கீழ்த்தளத்தில் ஓர் இயந்திரம் உறுமத் தொடங்கியது. இரண்டு. மூன்று. ஐந்தாவதும் சேர்ந்துகொண்டபோது தரை மெல்ல அதிர்ந்தது. நூற்றுப் பத்து ஜோடி ஆறு மணிக்குள் முடிந்துவிடும் என்று சூப்பர்வைசர் படியில் நின்று சத்தம் போட்டார்.

முதலாளியம்மா கதவருகே நின்றபடி, சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். நாற்பது பேரை வேலை வாங்கும் பெண்.

“டேய்… அது வந்து… சனிக்கிழமை நான்தான்…”

தம்பி கையை உயர்த்தி நிறுத்தினான். போனை எடுத்தான். கட்டைவிரலால் மெதுவாக எதையோ தட்டினான். ராஜினாமாதான் என்று ரேடியோ முடிவு கட்டினான். முதலாளியம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். போனை வாங்கினாள். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். போனை அண்ணியின் கையில் திணித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

ரேடியோ அண்ணியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

‘சனிக்கிழமையிலேர்ந்து கெட்டியா எதுவும் சாப்பிடலை. டாக்டர் ஐஸ்கிரீம் மட்டும் சாப்பிடலாம்னு சொல்லியிருக்கார்.’

படிக்கட்டின் பாதியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத குரல்.

“வெனிலாவாடா, சாக்லேட்டாடா?”

வாய் திறக்க முடியாத தம்பி, தவிப்போடு ரேடியோவைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான். ரேடியோ நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒலிபரப்பினான்.

“ரெண்டுமாம் மேடம்! அதை நாலா வாங்கிடுங்க, நாங்களும் இங்கதான் இருக்கோம்!”